புறநோயாளி சிகிச்சையகத்தில் மின்னணு மருத்துவப் பதிவேடு: தொடக்கநிலையாளருக்கான செய்முறை விளக்கம்

மின்னணு மருத்துவப் பதிவேட்டு மென்பொருள்கள் தோற்றத்தில் வேறுபட்டாலும், புறநோயாளி ஒருவரின் வருகையைப் பதியும் வரிசை ஏறத்தாழ ஒன்றேதான். அந்த வரிசையைக் கீழே காணலாம்.

படி 1: சரியான பதிவைத் திறத்தல்

உங்கள் சொந்தக் கணக்கில் மட்டுமே உள்நுழையுங்கள். யார், எப்போது, எதைத் திருத்தினார் என்பதை மென்பொருள் கணக்கின் பெயரிலேயே குறித்துக்கொள்கிறது. நோயாளியின் முழுப்பெயரையும் பிறந்த தேதியையும் அவரையே சொல்லச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். தேதியை நாமே வாசித்து "இதுதானே?" என்று கேட்டால், சரியாகக் காதில் விழாதவர்கூடத் தலையசைத்துவிடுவார். பெயர் கிடைக்காவிட்டால் எழுத்துக்கூட்டலை மாற்றித் தேடிய பிறகே புதிய பதிவைத் தொடங்குங்கள்.

படி 2: ஒவ்வாமையும் மருந்துகளும்

என் கருத்தில், நேரம் மிகக் குறைவாக இருக்கும் நாளிலும் தவிர்க்கக் கூடாத படி இதுதான். "பென்சிலின் ஒத்துக்கொள்ளாது" என்று குறிப்புப் பகுதியில் எழுதினால் அதை மனிதர் படித்துப் புரிந்துகொள்வார். ஆனால் ஒவ்வாமைக்குரிய கட்டத்தில் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்துப் பதிந்தால்தான், பின்னொரு நாள் வேறொருவர் பென்சிலின் வகையைச் சேர்ந்த அமாக்சிசிலினை எழுத முற்படும்போது மென்பொருளால் எச்சரிக்க முடியும். மூச்சுத்திணறலா, தடிப்பா, வெறும் குமட்டலா என்று எதிர்வினையையும் குறிப்பிடுங்கள். குமட்டல் பெரும்பாலும் பக்கவிளைவே. ஒவ்வாமை எதுவும் இல்லையென்றால் அதையும் பதிய வேண்டும், ஏனெனில் வெற்றுக் கட்டத்தைப் பார்ப்பவருக்கு நோயாளியிடம் கேட்கப்பட்டதா இல்லையா என்பது தெரியாது.

மருந்துப் பட்டியலை, நோயாளி கொண்டுவரும் மாத்திரை அட்டைகளைப் பார்த்து, பெயர், அளவு, வேளை ஆகியவற்றுடன் ஒப்பிடுங்கள். நிறுத்திய மருந்தை அழித்துவிடாமல், காரணத்துடன் "நிறுத்தப்பட்டது" என மாற்றுங்கள். வறட்டு இருமலால் எனலாப்ரில் நிறுத்தப்பட்டது என்ற ஒரு வரி இருந்தால், அதே வகையைச் சேர்ந்த ராமிப்ரிலை எழுதும் முன் அடுத்த மருத்துவர் யோசிப்பார்.

படி 3: வருகைக் குறிப்பு

நோயாளி சொன்னது, பரிசோதனையில் கண்டது, மதிப்பீடு, திட்டம் என்ற நான்கு பகுதிகளில் எழுதுங்கள். 1960களில் மருத்துவர் லாரன்ஸ் வீட் முன்வைத்த, பிரச்சினைகளை மையமாகக் கொண்ட பதிவு முறையிலிருந்து வளர்ந்த அமைப்பு இது. நோயறிதலைக் குறியீட்டுடன் சேருங்கள்: நோய்களுக்கான பன்னாட்டுக் குறியீட்டுப் பட்டியலான ஐசிடி-10இல் உயர் இரத்த அழுத்தம் I10, இரண்டாம் வகை நீரிழிவு E11.

முந்தைய குறிப்பை நகலெடுக்கும் வசதியில் மிகுந்த கவனம் தேவை. இன்று ஸ்டெதஸ்கோப் வைத்தே பார்க்காதபோது "நுரையீரல் ஒலிகள் இயல்பு" என்ற பழைய வரி அப்படியே நின்றுவிட்டால், அது பொய்ப் பதிவாகிவிடும்.

படி 4: பரிசோதனை முடிவுகள்

பரிசோதனையைக் கணினி வழியே கோரினால், முடிவு வரும்வரை அது நிலுவைப் பட்டியலில் நிற்கும். அப்பட்டியலை நாள்தோறும் பார்ப்பவர் யார், அவர் விடுப்பில் இருந்தால் மாற்று யார் என்பதை முன்பே எழுதி வையுங்கள். முடிவைப் படித்ததாகக் குறிப்பதோடு நிறுத்தாமல், நோயாளிக்கு யார், என்றைக்குத் தெரிவித்தார் என்பதையும் பதிந்த பிறகே அந்த வரியை நிலுவையிலிருந்து நீக்குங்கள். குறித்த நாள் கடந்தும் முடிவு வராதவற்றுக்கு, ஆய்வகத்தைக் கேட்பதற்கு முன், நோயாளி இரத்தம் கொடுக்கச் சென்றாரா என்று அவரிடமே கேளுங்கள்.