அரசியல் கொலை பற்றிய ஆவணப்படம்: நம் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கை மலையகத்து ஹட்டனில் படம் எடுக்கும் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்தால் முதலில் கண்ணில் படுவது தேதிப் பிழைதான். பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க சுடப்பட்டது 1959 செப்டெம்பர் 25. உயிர் போனது மறுநாள். இரண்டையும் ஒன்றாக்கினால், விஷயம் தெரிந்தவர் அப்புறம் வரும் எதையும் நம்ப மாட்டார்.

தீர்ப்பைப் பாதியில் விடுவது இன்னும் மோசம். சுட்ட தல்துவே சோமாராம தேரர் 1962இல் தூக்கிலிடப்பட்டார். சதியில் தண்டிக்கப்பட்ட களனி விகாரையின் புத்தரக்கித்த தேரருக்கோ மரண தண்டனை மேன்முறையீட்டில் ஆயுள் தண்டனையானது. 1956 தேர்தலில் பண்டாரநாயக்கவுக்காக ஓடி ஓடி வேலை செய்தவர் அவர். "ஒரு பிக்கு சுட்டார்" என்று முடித்தால் அந்தக் கதை முழுக்க மறைந்துபோகும்.

எல்லா மரணத்துக்கும் ஒரே பெயர் வைக்காதீர்கள். 1977 மே 11இல் டெவன் தேயிலைத் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் இறந்தது, தோட்டக் காணி பறிபோவதை எதிர்த்துத் திரண்டவர்கள்மேல் பொலிஸார் சுட்டபோது. தலைவர் ஒருவரைக் குறிவைத்த கொலையில் ஏவியவர் யார் என்று தேட வேண்டும். இங்கே சுடச் சொன்னது யார் என்று கேட்க வேண்டும்.

எனக்கு அதிகம் வலிப்பது பேட்டியில் செய்யும் தவறு. டெவன் சம்பவம் நடந்த வருஷத்தைக் கேட்டபோது, பக்கத்துத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், இருக்கும் பாட்டி ஒருவர், "வருஷம் எங்கய்யா தெரியும்? பெரியவ கைப்பிள்ளை. அன்னைக்கு எங்க லயத்துல யாரும் அடுப்புப் பத்த வைக்கல" என்றார். தேதி இல்லையென்று தம்பி ஒருவன் அதை வெட்டிவிட்டான். நான் திரும்பச் சேர்க்கச் சொன்னேன். தேதியைப் பழைய பத்திரிகையில் எடுக்கலாம்; அந்த அணைந்த அடுப்பை எங்கே போய் எடுப்பது? "வெடிச் சத்தம் கேட்டதுதானே?" என்று பதிலை நாமே ஊட்டவும் கூடாது. மரியாதைக்காகவே "ஆமாய்யா" என்பார்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள்.

நடித்துக் காட்டிய காட்சியென்றால் திரையிலேயே எழுதுங்கள். பழைய படமென்றால், எடுத்தவர் யார், எப்போது என்று போடுங்கள். 1991இல் ராஜீவ் காந்தியோடு குண்டுவெடிப்பில் இறந்த புகைப்படக்காரர் ஹரிபாபுவின் கமராவில் மிஞ்சிய படங்களை வைத்துத்தான் புலனாய்வே நகர்ந்தது.

அப்புறம், பேட்டியைக் காலையிலேயே முடியுங்கள். பின்னேரம் மழை பிடித்தால் தகரக் கூரைச் சத்தத்தில் பாட்டியின் குரல் ஒரு வார்த்தைகூடக் கேட்காது.