கணக்கு வகுப்பில் செயல்பாடு: கலகலப்பு இருக்கிறது, கணக்கு எங்கே?

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை கணக்குப் பாடத்தில் செயல்பாடு வைப்பது இப்போது புதுமை இல்லை. அட்டை வெட்டுகிறார்கள், நூல் சுற்றி அளக்கிறார்கள், பகடை உருட்டுகிறார்கள். வகுப்பு கலகலப்பாகிறது. ஆனால் அடுத்த நாள் அதே கருத்தைக் கரும்பலகையில் கேட்டால் பலர் விழிக்கிறார்கள். உடனே "இந்தப் பொருட்கள் சரியில்லை, வேறு வாங்கலாம்" என்று தோன்றும். பெரும்பாலும் பொருட்கள் மீது தப்பில்லை. மாணவர் எதையும் ஊகித்துப் பார்க்க இடமே வைக்காமல் செயல்பாட்டை அமைத்துவிடுகிறோம், கோளாறு அங்கேதான்.

வட்டத்தையே எடுத்துக்கொள்வோம். "சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் 3.14 வரும், அளந்து பாருங்கள்" என்று ஆரம்பித்தால் வகுப்பு முழுக்க 3.14 தான் வரும். 2.9 கிடைத்த பிள்ளை அதை அழித்துவிட்டு 3.14 என்று எழுதும். பிள்ளையைக் குறை சொல்லிப் பயனில்லை. சரியான விடை எது என்று நாம்தான் முன்கூட்டியே சொல்லிவிட்டோமே. மாறாக, ஒரு வட்ட மூடியைச் சுற்றி நூலை வைத்து, "இந்த நூலை நிமிர்த்தினால் மூடியின் குறுக்கே எத்தனை தடவை போகும்?" என்று கேளுங்கள். இரண்டு, மூன்று, நான்கு என்று பதில்கள் வரும். எல்லாவற்றையும் பலகையில் எழுதி வைத்துவிட்டு அப்புறம் அளக்கச் சொல்லுங்கள். தன் ஊகம் பலகையில் இருக்கும்போது பிள்ளை அளக்கும் விதமே மாறிவிடும்.

இதில் பலர் கவனிக்காத இன்னொன்று, வட்டத்தின் அளவு. 2 செ.மீ விட்டமுள்ள மூடியில் விட்டத்தை 1 மி.மீ தவறாக அளந்தாலே விடை 3.0-க்கும் 3.3-க்கும் இடையே எங்கே வேண்டுமானாலும் போய்விடும். 20 செ.மீ தட்டில் அதே 1 மி.மீ பிழை விடையை 3.13-க்கும் 3.16-க்கும் நடுவிலேயே நிறுத்தும். ஆகவே முதலில் பெரிய வட்டங்களையே கொடுங்கள். இழுத்தால் நீளும் நூலைவிடக் காகிதப் பட்டை நல்லது. அதற்காகச் சின்ன மூடியை ஒதுக்கிவிடவும் வேண்டாம், "ஏன் இதில் மட்டும் விடை இவ்வளவு சிதறுகிறது?" என்ற கேள்வி அன்றைய பாடத்தின் சிறந்த பகுதியாக அமையலாம்.

நாணயம் சுண்டுவதிலும் இதே கதைதான். பத்து முறை சுண்டினால் ஐந்து தலை விழும் என்று ஆசிரியர் எதிர்பார்க்கிறார். சரியாக ஐந்து விழுவதற்கான நிகழ்தகவு 252/1024, அதாவது கிட்டத்தட்ட கால் பங்குதான். நான்கில் மூன்று பேருக்கு "தப்பாக" வரும். அவர்களை மறுபடி சுண்டச் சொல்வதுதான் உண்மையான தவறு. நாற்பது பேரின் முடிவுகளையும் கூட்டினால் 400 சுண்டல்கள். தலைகள் பெரும்பாலும் 180-க்கும் 220-க்கும் இடையில் வந்து நிற்கும். தனித்தனியாகப் பார்த்தால் தாறுமாறு, சேர்த்துப் பார்த்தால் ஒழுங்கு. அந்த இரண்டு காட்சியையும் ஒரே பலகையில் காட்டத்தான் இந்தச் செயல்பாடே இருக்கிறது.

அப்புறம், மூன்று கோணங்களும் சேர்ந்தால் 180 பாகை, அதாவது ஒரு நேர்கோடு, என்று காட்ட முக்கோணத்தின் மூலைகளைக் கிழித்து ஒட்டுவது. அச்சடித்த ஒரே மாதிரி முக்கோணத்தை எல்லோருக்கும் கொடுத்தால், அந்த ஒரு முக்கோணத்தைப் பற்றித்தான் தெரிந்துகொள்வார்கள். ஆளுக்கொன்று வரையட்டும், சிலர் விரிகோணம் உள்ளதாக வரையட்டும். மூலைகளில் முதலிலேயே புள்ளி வைத்துவிடுவது முக்கியம். கத்தரிக்கோலால் வெட்டினால் வெட்டிய ஓரமும் நேராக இருக்கும், எது முக்கோணத்தின் மூலை, எது வெட்டிய மூலை என்று குழம்பிவிடுவார்கள். கையால் கிழிப்பதில் இந்தத் தொல்லை இல்லை.

ஆனால் ஒட்டிப் பார்த்து நேர்கோடு வந்ததும் "நிரூபித்துவிட்டோம்" என்று முடிப்பது எனக்கு உறுத்தும் பழக்கம். 179 பாகையா 180 பாகையா என்று கண்ணுக்குத் தெரியாது. இதை மாணவருக்கே உணர்த்த ஒரு பழைய புதிர் இருக்கிறது. 8-க்கு 8 கட்டச் சதுரத்தை, 8-க்கு 3, 8-க்கு 5 என்று இரண்டு செவ்வகங்களாக வெட்டுங்கள். சிறியதை மூலைவிட்டத்தில் வெட்டினால் இரண்டு முக்கோணங்கள். பெரியதைச் சாய்வாக வெட்டி, இணைப்பக்கங்கள் 3, 5 கொண்ட இரண்டு சரிவகங்கள் ஆக்குங்கள். இந்த நான்கு துண்டுகளையும் 5-க்கு 13 செவ்வகமாக அடுக்கலாம். பரப்பு 64 இருந்தது, இப்போது 65! எங்கிருந்து வந்தது கூடுதல் கட்டம்? முக்கோணத்தின் சாய்ந்த பக்கம் 8 கட்டம் போய் 3 ஏறுகிறது, சரிவகத்தினுடையது 5 கட்டம் போய் 2 ஏறுகிறது. 3/8 என்றால் 0.375, 2/5 என்றால் 0.4. இரண்டும் ஒரே கோடு இல்லை. நடுவில் மெல்லிய இடைவெளி ஒளிந்திருக்கிறது. இதற்குப் பிறகு, "கையால் செய்து பார்த்தாயிற்று, இனி நிரூபணம் எதற்கு?" என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

பின்னப் பட்டைகளில் நடக்கும் தவறு சின்னது, விளைவு பெரியது. ஆளுக்கொரு நீளத்தில் காகிதம் வெட்டி மடித்தால், ஒருவரின் 1/3 இன்னொருவரின் 1/2-ஐவிட நீளமாக இருக்கும். முழுமை ஒன்றாக இருந்தால்தான் பின்னங்களை ஒப்பிட முடியும் என்பதைச் சொல்லாமல் விட்டால் பட்டைகள் பொய் சொல்லும்.

இயற்கணித அட்டைகளிலும் ஒரு பொறி உண்டு. x-ஐக் குறிக்கும் நீள அட்டை, ஒன்றைக் குறிக்கும் சதுரத்தைப் போல் சரியாக ஐந்து மடங்கு நீளமாக இருந்தால், பிள்ளைகள் பக்கத்தில் வைத்துப் பார்த்து x என்றால் 5 என்று முடிவு கட்டிவிடுவார்கள். முழு மடங்காக வராதபடி வெட்டுங்கள். ஒரு வண்ணம் +1, மற்றது −1 என்று வைத்துக்கொள்ளும் இரு வண்ண வில்லைகளுக்கும் எல்லை இருக்கிறது. 3 − 5 என்பதற்கு அவை அருமையாக உதவும்: எடுக்கப் போதாதபோது ஒரு நேர், ஒரு குறை என ஜோடியாகச் சேர்த்துக்கொள்ளலாம். (−3) × (−2) என்று வரும்போது வில்லைகளை வைத்து வலிந்து கதை சொல்ல வேண்டியிருக்கும். அங்கே 2 × (−2), 1 × (−2), 0 × (−2) என்று முதல் எண் இறங்கும் வரிசையில் விடை −4, −2, 0 என இரண்டிரண்டாக ஏறுவதைக் காட்டி, அப்படியே தொடரச் சொல்வதே தெளிவு.

பொருளிலிருந்து நேரே சூத்திரத்துக்குத் தாவுவதும் அடிக்கடி நடக்கிறது. செயல், படம், குறியீடு என்ற மூன்று நிலைகளை அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960-களிலேயே பேசினார். நடுவில் இருக்கும் படத்தைத்தான் நாம் நேரமில்லை என்று தள்ளிவிடுகிறோம். செய்ததை நோட்டில் வரையச் சொன்னால், எது முக்கியம் எது வெறும் அட்டை என்று பிள்ளை தானே பிரிக்கத் தொடங்கும்.

சமையல் குறிப்பு மாதிரி எட்டுப் படிகள் எழுதிக் கொடுப்பது இன்னொரு வகை. 20 செ.மீ சதுரத் தாளின் நான்கு மூலைகளிலும் சிறு சதுரம் வெட்டி, மடித்து, மூடியில்லாப் பெட்டி செய்வது நல்ல செயல்பாடு. "3 செ.மீ வெட்டுங்கள்" என்று சொன்னால் அது கைவேலை வகுப்பு. "அதிகம் கொள்ளும் பெட்டி யாருடையது?" என்று மட்டும் கேளுங்கள். 2 வெட்டினால் 512 கன செ.மீ, 3-க்கு 588, 4-க்கு 576, 5-க்கு 500. யாராவது ஒருவர் 3.5 வெட்டலாமா என்று கேட்பார், 591.5 வரும். இனி ஒவ்வொரு முறையும் தாள் வெட்டுவானேன் என்ற அலுப்பு வரும்போது x(20 − 2x)² எழுத வேண்டிய தேவை தானாக வந்து நிற்கும். "இது சின்னப் பிள்ளைங்க விளையாட்டு" என்று முகம் சுளிக்கும் எட்டாம் வகுப்புக்காரர்களும் இதில் இறங்கிவிடுவார்கள்.

சரியாகச் சொன்னால் பந்து எறியலாம் என்பது போன்ற போட்டிகளைப் பற்றி ஒரு வரி போதும்: கணக்கை எடுத்துவிட்டு வரலாற்றுக் கேள்வி வைத்தாலும் விளையாட்டு அப்படியே நடக்குமென்றால், அது கணக்குச் செயல்பாடு இல்லை.

மீதி எல்லாம் நிர்வாகம். ஆறு பேர் குழுவில் இருவர் செய்வார்கள், நால்வர் வேடிக்கை பார்ப்பார்கள். இரண்டு அல்லது மூன்று பேர் போதும். புதுப் பொருளைக் கொடுத்தவுடன் சில நிமிடம் சும்மா விளையாட விடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் பேசும்போது விளையாடுவார்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் பெட்டிக்குள் வைத்துவிட்டு, வெறும் தாளில் ஒரே ஒரு கேள்வி: விட்டம் இரண்டு மடங்கானால் சுற்றளவு என்ன ஆகும், ஏன்? அந்தத் தாள்களைப் புரட்டினால் நாளைய வகுப்பை எங்கே ஆரம்பிப்பது என்று தெரிந்துவிடும்.