பழைய எம்பிராய்டரி மாதிரித் தாள்கள்: நாம் போடும் தப்புக்கணக்குகள்

பழைய எம்பிராய்டரி மாதிரித் தாள் ஒன்று கையில் கிடைத்தால், அதில் அச்சிட்டிருக்கும் ஆண்டைப் பார்த்து அதில் வரைந்திருக்கும் பூவுக்கும் கொடிக்கும் அதே வயது என்று முடிவு கட்டிவிடுகிறோம். முதல் தவறு அதுதான். 1520களில் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்கில் யோஹான் ஷோன்ஸ்பெர்கர் இப்படியொரு மாதிரிப் புத்தகத்தை அச்சிட்டார். அப்புறம் ஐரோப்பாவெங்கும் பதிப்பாளர்கள் ஒருவர் புத்தகத்திலிருந்து இன்னொருவர் தாராளமாக எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். பாரிஸில் 1587-இல் வந்த, லேஸ் மாதிரிகள் வரைந்த வின்சியோலோவின் புத்தகம் அடுத்த நூற்றாண்டிலும் மறுபதிப்பு கண்டது. அதனால் தாளில் இருக்கும் ஆண்டைவிட மாதிரி பழையதாக இருக்கலாம். அட்டையில் இருக்கும் பெயரும் பல நேரம் அச்சிட்டவருடையதுதான். வரைந்தவர் யாரென்றே தெரியாது.

எனக்கு மனசு வலிக்கும் தவறு இன்னொன்று. ஓட்டை விழுந்த, கரி படிந்த பக்கத்தைப் பார்த்து ‘பாழாய்ப் போச்சு’ என்று ஒதுக்கிவிடுவது. அந்தப் பக்கத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஓட்டைகள் கோட்டின் மேலேயே வரிசையாக, நெருக்கமாகப் போகும். அது பூச்சி அரித்ததல்ல, ஊசி குத்தியது. தாளைத் துணிமேல் விரித்து, கரித்தூள் கட்டிய சிறு துணிமூட்டையால் ஒற்றுவார்கள். தூள் ஓட்டை வழியே இறங்கித் துணியில் புள்ளி புள்ளியாக நிற்கும். புள்ளிகளை மையால் இணைத்தால் தையலுக்குக் கோடு தயார். இப்படிக் குத்தியும் கிழித்தும் தீர்ந்துபோனதால்தான் அந்தக் காலத்துப் புத்தகங்கள் இன்று இவ்வளவு அரிது. நூலகங்களில் பளிச்சென்று இருக்கும் பிரதியைவிட, கரி படிந்த அந்தப் பக்கம் ஒருத்தி உட்கார்ந்து தைத்த கதையை நேராகச் சொல்கிறது.

கட்டம் எண்ணிக் கம்பளி நூலால் தைக்கும் ‘பெர்லின் கம்பளித் தையலு’க்கான தாள்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தவை. கட்டம் கட்டமாக நிறம் நிரப்பியிருப்பதால் வண்ண அச்சு என்று நினைத்துவிடுவோம். தொடக்க காலத் தாள்களில் கட்டமும் குறியும் மட்டுமே அச்சு. நிறம் ஒவ்வொரு கட்டமாகக் கையால் தீட்டியது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் சாயம் கோட்டைத் தாண்டி வழிந்திருக்கும். அழுக்கு போகட்டும் என்று ஈரத்துணியால் துடைத்துவிடாதீர்கள், நிறமே கரைந்து வந்துவிடலாம்.

1870களில் மான்செஸ்டரின் வில்லியம் பிரிக்ஸ் நிறுவனம் கொண்டுவந்த இஸ்திரி மாதிரித் தாள்களில் எழுத்துகள் இடவலம் மாறியிருக்கும். சரி, அச்சுப் பிழை என்று தள்ளிவிட வேண்டாம். துணியில் கவிழ்த்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால் நேராக விழும். ஆனால் ‘இன்னும் ஒட்டுகிறதா’ என்று பழைய தாளைத் தேய்த்துப் பார்க்காதீர்கள். மிச்சமிருக்கும் மையும் துணிக்குப் போய்விட்டால், தாளில் பார்க்க ஒன்றும் இருக்காது.