குஞ்சைப் பார்த்து இனம் சொல்லும்போது நடக்கும் தவறுகள்

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் குந்தாரப்பள்ளி வெள்ளிக்கிழமைச் சந்தை, நல்லம்பள்ளி செவ்வாய்ச் சந்தை, போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தை என எங்கே போனாலும், கூடையில் ஒரு மாதக் குஞ்சுகளை வைத்துக்கொண்டு விற்பவர்களைப் பார்க்கலாம். "இது என்ன ஜாதி?" என்று கேட்டால் உடனே பதில் வரும்: அசீல், பெருவிடை, கடக்நாத், சிறுவிடை. அசீல் சண்டைக்கென்று வளர்த்த பெரிய இனம், பெருவிடை நாட்டுக்கோழியில் பெரிய வகை, சிறுவிடை சின்ன வகை, கடக்நாத் உடம்பெல்லாம் கறுத்த கோழி. வாங்குகிறவரும் இறகின் நிறத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் பணத்தை எடுக்கிறார். நாலு மாதம் கழித்துப் பார்த்தால் அவர் நினைத்த கோழியே இல்லை. விற்றவர் பொய் சொல்லியிருக்கிறார் என்று எப்போதும் சொல்லிவிட முடியாது. அந்த வயதில் குஞ்சு காட்டும் அடையாளங்களில் பாதி நிலைக்காதவை. அது விற்பவருக்கும் தெரியாமல் இருக்கலாம்.

பெயர் தப்பினால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. பணம் போவது ஒரு பக்கம். கிரிராஜா என்ற கலப்பினக் கோழியின் ரத்தம் கலந்த சேவலைச் சிறுவிடை என்று நம்பிப் பெட்டைகளோடு விட்டால், தானே அடைகாத்து, குஞ்சு கூட்டி, பருந்து நிழல் பட்டதும் புதருக்குள் பதுங்கத் தெரிந்த அந்த வம்சவழி இரண்டு மூன்று தலைமுறையில் கரைந்துபோகும். பென்னாகரம், அஞ்செட்டி பக்கத்துக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு இருந்த அந்தச் சின்னக் கோழியை மறுபடி உண்டாக்குவது லேசான காரியம் இல்லை. அதனால்தான் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

நிறத்தை நம்புவது

முதல் தவறும் பெரிய தவறும் இதுதான். குஞ்சு பொரியும்போது உடம்பில் இருப்பது இறகே இல்லை, பஞ்சு போன்ற மென்மயிர். சில நாட்களில் இறக்கையில் இறகு முளைக்கத் தொடங்கும், ஆறு வார வாக்கில் உடம்பெல்லாம் மூடிவிடும். அதுவும் நிரந்தரம் இல்லை. இரண்டு மாதம் தாண்டியதும் அந்த இறகு உதிர்ந்து அடுத்த செட் வரும். அப்புறம் முட்டைப் பருவத்துக்கு முன்னால் இன்னொரு முறை மாறும். ஒரு மாதக் குஞ்சின் மேல் நாம் பார்க்கும் நிறம், பாதி வழியில் எடுத்த கணக்கு.

முதுகில் அணில் கோடு இருந்தால் அசல் நாட்டுக்கோழி என்று பலர் அடித்துச் சொல்வார்கள். அந்தக் கோடு காட்டுக்கோழியிலிருந்து வந்த பழைய நிறம். நாட்டுக்கோழியில் இருப்பதுபோலவே பழுப்பு லெகார்ன் என்ற வெளிநாட்டு முட்டைக்கோழியிலும் இருக்கும், கலப்பினங்களிலும் இருக்கும். கோட்டை வைத்து ஒன்றையும் முடிவு செய்ய முடியாது. அதேபோல், வயிற்றில் வெள்ளை இருக்கும் கறுப்புக் குஞ்சு கறுப்பு வெள்ளைக் கோழியாக வளரும் என்றும் நினைக்கிறோம். ஆஸ்ட்ரலார்ப் என்ற வெளிநாட்டு இனத்தின் குஞ்சு அப்படித்தான் பொரியும், வளர்ந்தால் முழுக் கறுப்பு.

இதில் மிகவும் குழப்புவது வரிக்கோழி. கறுப்பும் வெள்ளையுமாக வரி போடும் அந்த மரபணு, பாலினத்தைத் தீர்மானிக்கும் குரோமோசோமிலேயே இருக்கிறது. சேவலுக்கு அது இரண்டு பங்கு வரலாம், பெட்டைக்கு ஒரு பங்குதான் வரும். பொரிந்தபோது இரண்டும் கறுப்பாக, தலையில் மட்டும் ஒரு வெளிறிய பொட்டோடு இருக்கும். வரி பின்னால்தான் இறகில் ஏறும். இரண்டு பங்கும் கிடைத்த சேவல் வெளுத்துத் தெரியும், பெட்டை கருத்துத் தெரியும். ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த அண்ணன் தங்கையைப் பார்த்து, "ரெண்டு ஜாதி கலந்து கொடுத்துட்டாங்க" என்று சண்டைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள்.

நம்ம பக்கத்துக்கே உரிய ஒரு குழப்பமும் இருக்கிறது. செம்மண்ணில் புரண்டு குளிக்கும் வெள்ளைக் குஞ்சு ஒரு வாரத்தில் செவலையாகத் தெரியும். ஈரத் துணியால் இறக்கையின் அடிப்பக்கத்தைத் துடைத்துப் பார்த்தாலே உண்மை நிறம் வந்துவிடும்.

கொண்டையும் காலும்

நிறத்தைவிடக் கொண்டை நம்பகமானது. ஆனால் அதற்கும் ஒரு வரம்பு இருக்கிறது. அசீலுக்குப் பட்டாணிக் கொண்டை: உயரமில்லாமல் தலையோடு ஒட்டி, நீளவாக்கில் மூன்று வரிசை மேடு. குஞ்சின் அலகுக்கு மேலே விரல் நுனியால் மென்மயிரை ஒதுக்கிப் பார்த்தால், பொரிந்த சில நாட்களிலேயே ஒற்றைக் கோடா, மூன்று மேடா என்று தெரிந்துவிடும். வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு மாதத்தில் ரம்பப் பல்லோடு ஒற்றைக் கொண்டை எழுந்து, தாடியும் தொங்கத் தொடங்கிய குஞ்சைக் காட்டி அசீல் என்றால் நம்ப வேண்டாம்.

சரி, பட்டாணிக் கொண்டை இருந்தால் அசீல்தானா? அதுவும் இல்லை. அந்தக் கொண்டை ஓங்கி நிற்கும் குணம். அசீல் சேவலைச் சாதாரணப் பெட்டையோடு சேர்த்தால் பிறக்கும் குஞ்சுகளுக்கும் வந்துவிடும். கோழிக் கொண்டையை வைத்துத்தான் 1902-ல் பேட்சன் என்ற ஆங்கிலேய அறிஞர், மெண்டலின் பாரம்பரிய விதிகள் விலங்குகளுக்கும் பொருந்தும் என்று காட்டினார். ஆகவே கொண்டை 'இது அசீல் இல்லை' என்று சொல்ல உதவும். 'இது அசீல்தான்' என்பதற்கு அது மட்டும் போதாது. நம் ஊர்க் கட்டுச்சேவல் வழிகளில் ஒற்றைக் கொண்டையும் உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. பெருவிடை எல்லாமே அசீல் இல்லை.

கால் நிறத்துக்கு வருவோம். மஞ்சள் கால் என்றால் நாட்டுக்கோழி, வெள்ளைக் கால் என்றால் பண்ணைக்கோழி என்று ஒரு பேச்சு இருக்கிறது. பண்ணையில் வளரும் வெள்ளை லெகார்னுக்கே மஞ்சள் கால்தான், அந்தப் பேச்சு அங்கேயே அடிபட்டுப் போகிறது. மஞ்சள் தோலுக்கான மரபணு, தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் நிறக் காட்டுக்கோழியிடமிருந்து வீட்டுக்கோழிக்கு வந்தது என்று 2008-ல் வெளியான மரபணு ஆய்வு சொல்கிறது. மரபணு இருந்தாலும் நிறம் தீனியிலிருந்துதான் வர வேண்டும். மஞ்சள் மக்காச்சோளமும் கீரையும் பச்சைப் புல்லும் தின்ற குஞ்சின் கால் நன்றாக மஞ்சளடிக்கும். கூண்டுக்குள் குருணையும் ராகியும் மட்டும் தின்ற அதன் உடன்பிறப்பு வெளுத்து நிற்கும். முட்டை வைக்கத் தொடங்கிய பெட்டைக்கும் காலில் இருக்கும் மஞ்சள் மெல்ல இறங்கிவிடும்.

கருங்கோழி என்ற பெயரில்

அதிகம் ஏமாறுவது இங்கேதான். பாலக்கோடு பக்கம் எங்கள் உறவுக்கார அக்கா ஒருவர், வண்டியில் வந்த வியாபாரியிடம் கடக்நாத் என்று கறுப்புக் குஞ்சுகள் வாங்கினார். இரண்டு மாதம் ஆனதும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். இறகு பளபளவென்று கறுப்பு. "வாயைத் திறங்க அக்கா" என்றேன். ஒரு குஞ்சைப் பிடித்து அலகைப் பிரித்தார். உள்ளே நாக்கும் மேல் அண்ணமும் ரோஜா நிறத்தில் இருந்தன. கொண்டை சிவப்பு, காலைத் திருப்பிப் பார்த்தால் பாதத்தின் அடி வெளுப்பு. நல்ல கறுப்பு நாட்டுக்கோழி, கடக்நாத் இல்லை.

மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதிதான் கடக்நாத்தின் ஊர். அங்கத்துக் கடக்நாத் இறைச்சிக்கு 2018-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதன் கருமை இறகில் மட்டும் இல்லை. தோல், நாக்கு, கால், எலும்பை மூடிய சவ்வு வரை நிறமி படிந்திருக்கும், கொண்டை ஊதா கலந்து கருத்திருக்கும். ஒருநாள் குஞ்சு நீலங்கலந்த கறுப்பாக, முதுகில் ஒழுங்கில்லாத கருங்கோடுகளோடு வரும். இறகு மட்டும் பார்த்தால் இன்னொரு பக்கமும் தவறலாம். கடக்நாத்திலேயே கழுத்தில் வெள்ளி இழையோடியதும், பொன்னிறம் கலந்ததும் உண்டு. கறுப்பு குறைவு என்று நல்ல குஞ்சை ஒதுக்கிவிடுவோம்.

கறுப்பு நாக்கு இருந்தாலும் ஒரு எச்சரிக்கை. தோலைக் கருக்க வைக்கும் அந்தக் குணமும் ஓங்கி நிற்பதுதான், கலப்புக் குஞ்சிலும் வந்துவிடும். வளர்ந்த கடக்நாத் சேவல் இரண்டு கிலோவைச் சுற்றித்தான் நிற்கும். வாய் கறுப்பாக இருந்தும் மூன்று கிலோவுக்குப் போகிறது என்றால் வேறு ரத்தம் கலந்திருக்கிறது.

பெரிதாக இருந்தால் பெருவிடையா?

பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய கிரிராஜா, ஐதராபாத்திலிருந்து வந்த வனராஜா, கிராமப்பிரியா, சென்னை நந்தனத்தில் உருவான நந்தனம் கோழிகள், வங்கதேசத்துச் சோனாலி எல்லாமே பல நிறத்தில், நாட்டுக்கோழி சாயலில் இருக்கும். புறக்கடையில் வளர்ப்பதற்கென்றே உருவாக்கியவை பல, வளர்ப்பதில் தவறே இல்லை. நாட்டுக்கோழி என்ற பெயரில் வாங்கும்போதுதான் சிக்கல். ஓசூர் பெங்களூருக்குப் பக்கம் என்பதால் கிரிராஜா ரத்தம் நம் மாவட்டத்தில் பல கொல்லைகளில் ஓடுகிறது.

இங்கே வேகத்தைப் பாருங்கள். மூன்று மாதத்தில் ஒரு கிலோவைத் தொடுவதே சிறுவிடைக்குச் சிரமம். அசீல் வளர்ந்தால் சேவல் நாலு கிலோவைத் தாண்டும், ஆனால் நிதானமாகத்தான் போகும். குஞ்சுப் பருவத்தில் சதையைவிட எலும்பும் காலும்தான் முதலில் நீளும், உடம்பு நிமிர்ந்து நிற்கும். இரண்டு மாதத்திலேயே மார்பு உருண்டு, உடம்பு கிடைமட்டமாக இருந்தால் அது வளர்ச்சிக்கென்று உருவாக்கிய கலப்பினம்.

கிளிமூக்கு விசிறிவால் குஞ்சுக்குப் பெரிய விலை கேட்பார்கள். மூக்கின் வளைவும் வாலின் விரிவும் வளர வளரத்தான் தெரியும். தாய் தகப்பனைப் பார்க்காமல் அந்த விலை கொடுக்க வேண்டாம்.

பழைய இரும்புக்கும் பிளாஸ்டிக்குக்கும் மாற்றாக வரும் பச்சை, ரோஸ் குஞ்சுகள் பெரும்பாலும் முட்டைப் பண்ணை இனத்தின் ஆண் குஞ்சுகள். சாயம் மென்மயிரோடு போய்விடும், வெள்ளை லெகார்ன் சேவலாக வளரும். அலகு நுனி மழுங்கலாக வெட்டியிருந்தால் அதுவும் பண்ணையிலிருந்து வந்ததற்கான தடயம்.

இறகு வராத குஞ்சு

ஆண் குஞ்சுகளுக்கு, குறிப்பாக அசீல் போன்ற கனத்த இனங்களில், இறகு தாமதமாக வரும். முதுகும் தோளும் வாரக்கணக்கில் மொட்டையாக இருக்கும். இதைக் கழுத்தில் இறகில்லாத இனம் என்றோ நோய் என்றோ நினைத்து விற்றுவிடுகிறார்கள். உண்மையிலேயே கழுத்து மொட்டை இனம் என்றால் பொரிந்த அன்றே கழுத்தில் மென்மயிர் இருக்காது, பின்னால் வந்து சேராது.

தாயை வைத்து முடிவு செய்வது

"அடையிலிருந்து எடுத்த குஞ்சு, தாயைப் பாருங்க" என்பார்கள். அடைகாத்த கோழி தாயாகவே இருக்க வேண்டியதில்லை. வெளி முட்டையை வைத்திருக்கலாம், கினிக்கோழி முட்டைகூட வைப்பார்கள். தலையில் தெளிவான கோடும் ஆரஞ்சு நிற அலகும் காலும் இருந்தால் அது கினிக்கோழிக் குஞ்சு. தாயே என்றாலும், தகப்பன் யார் என்பது வேறு கேள்வி. ஒருமுறை சேவல் மிதித்தால் இரண்டு வாரம், சில சமயம் மூன்று வாரம் வரைகூட பெட்டை உடம்பில் விந்து உயிரோடு இருக்கும். தெருவில் மேயும் பெட்டையின் ஒரே அடையில் மூன்று சேவலின் குஞ்சுகள் இருக்கலாம். ஒரு வழியைச் சுத்தமாக வைக்க நினைத்தால், மற்ற சேவல்களிடமிருந்து பெட்டையைப் பிரித்து மூன்று வாரம் கழித்து வரும் முட்டையைத்தான் அடைக்கு வைக்க வேண்டும்.

வாங்கிய குஞ்சுக்குக் காலில் ஒரு வளையம் மாட்டி, வாரம் ஒருமுறை போனில் படம் எடுத்து வையுங்கள். மேலிருந்து எடுத்த ஒரு படத்தை அனுப்பி இனம் கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. பக்கவாட்டில் முழு உடம்பு, முன்பக்கக் கொண்டை, கால், திறந்த வாய், இந்த நான்கும் வேண்டும். சந்தேகம் தீராவிட்டால் ஓசூர் மத்திகிரியில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கோழியின உற்பத்திக் கல்லூரி இருக்கிறது, அங்கே காட்டிக் கேட்கலாம். பெட்டையோடு சேவலைச் சேர்க்கும் முடிவை மட்டும் ஐந்து மாதம் ஆகும்வரை தள்ளி வையுங்கள். அதற்குள் கழுத்து இறகும் வாலும் எடையும் ஓரளவு நிலைக்கு வந்திருக்கும். எந்த இனத்திலும் சேராத கோழியாக இருந்தால் 'கலப்பு' என்றே எழுதி வைத்து வளருங்கள்.