வீட்டு அடித்தளத்துக்கு வானம் தோண்டிய மண் மழையில் ஓடாமல் இருக்க

மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கம் சரிவான மனையில் வீடு கட்டுபவர்கள், வானம் தோண்டிக் குவித்த செம்மண்ணின் கீழ்ப்புறத்தில், சரிவுக்குக் குறுக்காக ஒரு சாண் ஆழத்தில் சால் எடுத்து, அதில் தேங்காய்த் தொண்டுகளை (உரித்த மட்டைகளை) இடைவெளியின்றி இரண்டு அடுக்காகப் பதித்து வைக்கலாம். ஓடிவரும் நீரின் வேகம் தொண்டு வரிசையில் குறைவதால், நீர் மெல்லக் கசிந்து வெளியேற, அது சுமந்து வந்த மண் அங்கேயே படிந்துவிடுகிறது. அதை அவ்வப்போது வாரி மேலே போட்டுவிட்டால், அடித்தளத்தை நிரப்ப வெளியிலிருந்து வாங்கும் மண்ணும் குறையும். நாரில் லிக்னின் என்னும் உறுதியான மரப்பொருள் மிகுந்திருப்பதால் தொண்டு எளிதில் மக்காது. ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையோடு அக்டோபரில் வரும் வடகிழக்குப் பருவமழையையும் பெறும் குமரி மாவட்டத்துக்கு இது மிகவும் பொருத்தமானது. சாலை நீர் ஒரே வாய்க்காலாகத் திரண்டு பாயும் இடத்தில் தொண்டு அடித்துச் செல்லப்படும், அங்கே கருங்கல் தடுப்பே வேண்டும். செங்குத்தாக வெட்டிய மண்சுவர் சரியாமல் காக்கவும் இது உதவாது.