ஷேல் பாறையில் ஒட்டியிருக்கும் எரிவாயு எப்போது வெளியே வரும்? எக்செல்லில் கணக்கிடும் முறை

ஷேல் என்பது களிமண் படிந்து இறுகிய பாறை. அதில் தோண்டிய எரிவாயுக் கிணற்றின் உற்பத்தியை முன்கூட்டிக் கணிக்கும் எக்செல் தாளோடு ஒரு மாதம் போராடினேன். முதல் ஆண்டு உற்பத்தி ஒவ்வொரு முறையும் நம்ப முடியாத அளவுக்குப் பெரிதாக வந்தது. பாறையில் இருக்கும் வாயு முழுவதும் ஒரே சீராக வெளிவரும் என்று நான் எடுத்துக்கொண்டதுதான் பிழை.

முதலில் இரண்டு வகை வாயுவையும் தனித்தனியாகப் பிரியுங்கள். நுண்துளைகளிலும் விரிசல்களிலும் அடைந்திருப்பது கட்டற்ற வாயு. துளை விகிதமும் நீரின் பங்கும் வாயு சுருங்கி விரியும் அளவும் தெரிந்தால் அதைக் கணக்கிட்டுவிடலாம். கெரோஜன் என்னும் கரிமப் பொருளின் பரப்பில் ஒட்டியிருப்பது மற்றொன்று. இந்த ஒட்டிய படலமும் துளைக்குள் இடம் பிடிக்கிறது. அந்த இடத்தைக் கட்டற்ற வாயுவின் கணக்கில் கழிக்காவிட்டால் ஒரே இடத்தை இருமுறை எண்ணியதாகிவிடும்.

அடுத்து, எந்த அழுத்தத்தில் எவ்வளவு வாயு ஒட்டியிருக்கும் என்று சொல்லும் லாங்மியூர் சமன்பாடு:

ஒட்டிய வாயு = உச்ச அளவு × அழுத்தம் ÷ (அழுத்தம் + பாதி அழுத்தம்)

உச்ச அளவில் பாதி ஒட்டியிருக்கும்போது உள்ள அழுத்தத்தைத்தான் பாதி அழுத்தம் என்கிறேன். பயிற்சிக்காக உச்ச அளவு டன்னுக்கு 100 கன அடி, பாதி அழுத்தம் 600 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் அழுத்த அலகு) என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் இடறிய இடம் இதுதான். 3,600 பி.எஸ்.ஐ.யில் ஒட்டியிருப்பது 85.7 கன அடி. அழுத்தம் பாதியாகி 1,800க்கு வந்தாலும் 75 கன அடி அங்கேயே இருக்கிறது. 1,800 பி.எஸ்.ஐ. இறங்கியும் கிடைத்தது 10.7 மட்டுமே. ஆனால் 600இலிருந்து 300க்கு இறங்கினால், அந்த 300 பி.எஸ்.ஐ.க்கே 16.7 கன அடி விடுபடுகிறது. இந்த நான்கு எண்களையும் நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். பாறைக்குள் வாயு மிக மெதுவாக நகர்வதால், விரிசலை ஒட்டிய மெல்லிய பகுதியில்தான் அழுத்தம் அவ்வளவு சீக்கிரம் விழும். ஆழமான ஷேலில் ஒட்டிய வாயு பிற்காலத்துக்கான இருப்பு.

டெக்சாஸின் பார்னெட் ஷேலையும் மிச்சிகனின் ஆன்ட்ரிம் ஷேலையும் ஒப்பிட்டால் இது கண்கூடாகத் தெரியும். பார்னெட் சுமார் 2,000 மீட்டருக்கும் கீழே, உயர்ந்த அழுத்தத்தில் கிடக்கிறது. அங்கே பெரும்பங்கு கட்டற்ற வாயு. கிணறு வேகமாகத் தொடங்கி முதல் ஆண்டிலேயே சரிகிறது. ஆன்ட்ரிம் ஆழம் குறைந்தது, அழுத்தமும் குறைவு, வாயுவில் பெரும்பகுதி ஒட்டியிருப்பது. அங்கே முதலில் நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். நீர் குறையக் குறைய வாயு ஏறும். ஒரே சமன்பாடு இரண்டு எதிரெதிர் வரைபடங்களைத் தருவது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

தொடக்கத்திலேயே விலை உயர்ந்த உருவகப்படுத்தும் மென்பொருளுக்குப் போகாதீர்கள். எக்செல் போதும், இலவசமான லிப்ரே ஆபிஸும் போதும். ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வந்தது என்று கண்ணால் பார்க்க முடிகிற இடத்தில்தான் பிழை பிடிபடும்.

பின்சேர்க்கை: இதே வழியில் கணக்கிட்ட ஒரு வாசகருக்கு ஒட்டிய வாயு மிக அதிகமாக வந்திருந்தது. அவரிடம் இருந்த ஆய்வக அறிக்கை, உலர்த்திய மாதிரியில் எடுத்தது. ஈரம் இருந்தால் களிமண் பரப்பை நீர் பிடித்துக்கொள்ளும். வாயுவுக்கு இடம் குறையும். வெப்பநிலையும் அப்படித்தான்: பாறையின் வெப்பத்தைவிடக் குறைந்த வெப்பத்தில் சோதித்தால் எண் பெரிதாக வரும். அறிக்கையில் இந்த இரண்டும் குறிப்பிடப்படவில்லை என்றால், ஆய்வகத்திடம் கேட்டு வாங்கிய பிறகே தாளில் உச்ச அளவை நிரப்புங்கள்.