பூனைக்குச் சிறுநீர்ப்பையில் கல்: கண்டுபிடிப்பதும் குணமாக்குவதும்

எங்கள் வீட்டுக் கடுவன் (ஆண் பூனை) ஒருநாள் மணல் தட்டை விட்டுவிட்டுக் குளியலறைத் தரையில் போய்க் குந்தியது. எழுந்து போன இடத்தில், வெள்ளை டைல்ஸில், இளஞ்சிவப்பாக ஒரே ஒரு சொட்டு. மலச்சிக்கல் என்று நினைத்து அரை நாளை வீணாக்கிவிட்டேன். நீங்கள் அப்படிச் செய்துவிடக் கூடாது.

முதல் வேலை, தட்டைக் கவனிப்பது. அடிக்கடி போகிறதா, முக்குகிறதா, கத்துகிறதா, ரத்தம் தெரிகிறதா? அடிப்பக்கத்தை ஓயாமல் நக்குகிறதா? சிறுநீர்ப்பை அழற்சியிலும் இதெல்லாம் வரும் என்பதால், கல்தான் என்று நீங்களே முடிவு கட்ட வேண்டாம்.

இரண்டாவது, சிறுநீர் வருகிறதா என்று பார்ப்பது. கடுவனுக்குச் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகல். சின்னக் கல்லே அடைத்துவிடும். முக்கியும் சொட்டு வரவில்லை என்றால் நடு ராத்திரியானாலும் கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். வெளியேற வழியில்லாத பொட்டாசியம் ரத்தத்தில் ஏறி இதயத்தையே நிறுத்திவிடும். ஓரிரு நாளில் உயிர் போய்விடும். வயிற்றை அமுக்காதீர்கள், பை கிழியலாம். பாராசிட்டமால் பூனைக்கு விஷம். வாழைத்தண்டுச் சாறும் வேண்டாம்.

அப்புறம் பரிசோதனை. எக்ஸ்ரேயில் பெரும்பாலான கற்கள் தெரியும், தெரியாதவற்றை ஸ்கேன் காட்டும். சிறுநீரை எடுத்தவுடன் பார்த்துவிட வேண்டும். ஃபிரிட்ஜில் வைத்தால் இல்லாத படிகங்கள்கூட உருவாகிவிடும்.

சிகிச்சை கல்லின் வகையைப் பொறுத்தது. பூனைகளுக்கு அதிகம் வருபவை இரண்டு. ஸ்ட்ருவைட் கல், மருத்துவர் தரும் சிறப்பு உணவிலேயே பெரும்பாலும் சில வாரங்களில் கரைந்துவிடும். அதுவரை வேறு எதுவும் கொடுக்கக் கூடாது, ஒரு துண்டு கருவாடுகூட. பாவமாகத்தான் இருக்கும், ஆனாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். கரைந்ததா என்று மறுபடி எக்ஸ்ரே எடுத்துத்தான் உறுதி செய்வார்கள். கால்சியம் ஆக்சலேட் கல் உணவால் கரையாது. பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான். எடுத்த கல்லை ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், அடுத்து என்ன உணவு என்பது அதைப் பொறுத்தே அமையும்.

கல் திரும்பி வரக்கூடியது. அதனால் தண்ணீர் நிறைய உள்ளே போக வேண்டும். உலர் உணவைக் குறைத்து ஈர உணவு கொடுங்கள், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு. வீட்டில் நாலைந்து இடத்தில் தண்ணீர் வையுங்கள். எங்கள் கடுவன் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்ததைத் தொடவே இல்லை. ஜன்னலோரம் வைத்த அகலக் கிண்ணத்தில்தான் இப்போது குடிக்கிறது.